அந்தோணியார் காலடியில் ஒரு டப்பா

இரண்டு வருஷத்துக்கு முந்தைய அக்டோபரில் எங்கள் தெருப் பெண்கள் என் அம்மாவிடமிருந்து ஜெபமாலை சொல்லும் வேலையை வாங்கிக்கொண்டார்கள். மரியாதையாகத்தான் வாங்கிக்கொண்டார்கள். அந்த மரியாதைதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நாங்கள் இருப்பது உழவர்கரைப் பக்கம். தெருவில் கத்தோலிக்கக் குடும்பங்கள் முப்பது இருக்கும். அக்டோபர் முழுக்க மாதா சுரூபம் தினம் ஒரு வீட்டுக்கு வரும். சாயங்காலம் தெருவே அந்த வீட்டில் கூடி ஜெபமாலை சொல்லும். 'அருள் நிறைந்த மரியே' என்று முன்பாதியை ஒருவர் சொல்ல வேண்டும், பின்பாதியை மற்ற எல்லோரும் சேர்ந்து சொல்ல வேண்டும். இப்படி ஐம்பத்து மூன்று தடவை. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து முன்பாதி சொல்கிறவர் என் அம்மாதான். யாரும் அவரை நியமிக்கவில்லை. மைக் இல்லாமலே தெருக்கோடி வரைக்கும் கேட்கும் குரல், அதனால் வேலை தானாகவே அவரிடம் வந்துவிட்டது.

அந்த வருஷம் அம்மா தடுமாறினார். மற்றவர்கள் பின்பாதியை முடிக்கும் முன்பே அடுத்த மரியேயை ஆரம்பித்துவிட்டார். சில நேரம் அவர்கள் முடித்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், அவர் கண்ணை மூடிக் காத்துக்கொண்டிருப்பார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நாலாவது நாள், முனை வீட்டு அம்மாள் எழுந்து வந்து அம்மாவின் தோளில் கை வைத்தார்.

"உங்களுக்கு முட்டி வலி, பாவம். எவ்ளோ நாழி முட்டி போடுவீங்க? இந்த வருசம் நீங்க உக்காந்துக்குங்க. நான் சொல்றேன்."

அம்மா அவர் உதட்டையே பார்த்தார். பிறகு தலையாட்டினார். வீட்டுக்கு வந்து ஜெபமாலையை ஆணியில் மாட்டினார். அம்மாவுக்கு முட்டி வலி கிடையாது. இந்த வயதிலும் மார்க்கெட்டுக்குப் போய் இரண்டு கையிலும் பை தூக்கிக்கொண்டு நடந்து வருகிறவர் அவர்.

காது கேட்கவில்லை என்கிற வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. எனக்குத் தெரியும், என் மனைவிக்குத் தெரியும், அம்மாவுக்குக் கட்டாயம் தெரியும். டிவி சத்தம் மாதாமாதம் ஏறிக்கொண்டே போனது. அடுப்பில் குக்கர் எத்தனை விசில் அடித்தாலும் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். கோயமுத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் எங்கள் மகள் ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். அம்மா போனை வாங்கி, "நல்லா இருக்கியா, சாப்ட்டியா, நல்லா படி, சளி புடிச்சுக்கப் போவுது, சரி அம்மாகிட்ட குடுக்கறேன்" என்று நடுவில் இடமே விடாமல் சொல்லி என் மனைவியிடம் நீட்டிவிடுவார். முன்பெல்லாம் அரைமணி நேரம் பேசுவார். நாங்கள் இரண்டு பேரும் அந்த நேரத்தில் வேறு எங்கேயாவது பார்த்துக்கொள்வோம்.

அந்த அக்டோபர் முடிவதற்குள் நான் மட்டும் தனியாகப் போய் டவுனில் ஒரு காது மிஷின் கடையில் விசாரித்தேன். அங்கே இருந்த பெண், "பேஷன்டைக் கூட்டிட்டு வாங்க சார், டெஸ்ட் பண்ணாதான் சொல்ல முடியும்" என்றார். உத்தேசமாகச் சொல்லுங்கள் என்று நச்சரித்தேன். ஒரு காதுக்கு முப்பத்தெட்டாயிரம் ஆகும் என்றார். ஒரு காது போதும், மிச்சத்தை மாதா பார்த்துக்கொள்வாள் என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தேன்.

அடுத்த அக்டோபருக்குள் அம்மா மறுபடியும் முன்பாதி சொல்ல வேண்டும். நான் மனசுக்குள் வைத்துக்கொண்ட கணக்கு அது ஒன்றுதான்.

நான் டவுனில் ஒரு எலெக்ட்ரிக் சாமான் கடையில் பில் போடுகிறேன். என் மனைவி லாஸ்பேட்டையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. டீச்சர். இரண்டு சம்பளமும் வாடகைக்கும் ஹாஸ்டலுக்கும் போன பிறகு மிஞ்சுவது எங்கள் சின்னச் சின்ன சந்தோஷங்களுக்குத்தான். எனக்கு நாலு மணி டீயும் ஒரு பப்ஸும் வேண்டும். அது தவிர ஞாயிற்றுக்கிழமை சந்தையில் ஓடாத பழைய கைக்கடிகாரங்களை வாங்குவேன். ஏன் என்று கேட்டால் எனக்கே கோபம் வரும். என் மனைவிக்குத் தினம் ஒரு முழம் பூ, சனிக்கிழமை பீச்சில் மசாலா பொரி. அம்மா ஒரு காலத்தில் ஒரு சொல்தா வீட்டில், அதாவது பிரெஞ்சு ராணுவ பென்ஷன்காரர் வீட்டில் சமையல் செய்தவர். அங்கே பழகிய பழக்கம், வாரத்துக்கு இரண்டு நாள் நீட்டு ரொட்டியைப் பிய்த்துக் காபியில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். எல்லாமே சில்லறை விஷயம்தான். ஆனால் அந்தச் சில்லறையில்தான் எங்கள் வீட்டில் சிரிப்பு இருந்தது.

முதலில் எல்லாவற்றையும் விட்டுவிடுவது என்று முடிவு செய்தோம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் விடுவது போல. மூன்று வாரம் தாங்கியது. நாலு மணிக்கு டீ குடிக்காமல் நான் கடையில் கஸ்டமரிடம் எரிந்து விழுந்து முதலாளியிடம் திட்டு வாங்கினேன். வீட்டில் என் மனைவி பூ இல்லாத தலையோடு என்னைப் பார்த்த பார்வையில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ரொட்டி ஏன் வருவதில்லை என்று அம்மா கேட்கவேயில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. நாலாவது வாரம் நாங்கள் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்ளாமலே ஆளுக்கொரு பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தோம். மூன்று வாரத்தில் மிச்சம் பிடித்தது அந்த ஒரு வாரத்தில் போனது.

"தவக்காலம்னா நாப்பது நாள்தாங்க, வருசம் பூரா இருந்தா இயேசுவே ஓடிப்போயிருப்பாரு" என்றாள் என் மனைவி. "எதையும் விட வேணாம். ஆனா ஒண்ணு. எதை வாங்கறமோ அதே வெலையை டப்பாவுல போட்டுடணும். பத்து ரூவா டீன்னா பத்து ரூவா டப்பாக்கு. போடக் காசு இல்லன்னா டீயும் கெடையாது."

எல்.கே.ஜி. டீச்சரின் சட்டம். ஒரு பழைய மால்ட் டப்பாவின் மூடியில் கத்தியால் கோடு கிழித்து அதைச் சமையலறை அலமாரியில் வைத்தோம்.

பத்தாவது நாளே ஸ்கூட்டர் பஞ்சர் என்று நானே மூடியைத் திறந்து இருநூறு ரூபாய் எடுத்தேன். திரும்ப வைக்கவில்லை. அடுத்த வாரம் இன்னொரு நூறு. என் மனைவி கண்டுபிடித்து ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. இந்தக் கையை எங்கே கட்டிப்போடுவது என்று யோசித்தபோது எனக்கு அந்த அபாரமான யோசனை உதித்தது. கூடத்தில் எங்கள் பீடத்தில் அந்தோணியார் சுரூபம் இருக்கிறது. டப்பாவை எடுத்துக்கொண்டு போய் அவர் காலடியில் வைத்துவிட்டேன். அவர் பார்த்துக்கொண்டிருக்க நான் எப்படிக் கை வைப்பேன்? என் மனைவிகூட, "பரவாயில்லயே, மூளை இருக்குதே" என்று பாராட்டினாள். அவள் என்னைப் பாராட்டியது அபூர்வம் என்பதால் அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அதன் பிறகு சட்டம் நன்றாகவே வேலை செய்தது. சொல்லப்போனால் கொஞ்சம் அதிகமாகவே வேலை செய்தது. டப்பா மெதுவாக ஏறுகிற வாரங்களில் எங்களுக்குக் குற்ற உணர்ச்சி வந்துவிடும். உடனே கிளம்பிப் போய் பஜ்ஜி சாப்பிடுவோம். பீச்சில் சாயங்காலம் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிட்ட பிறகு நடு ரோட்டில் நடந்துகொண்டே என் மனைவி இரண்டாவது ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டு, "இது அத்தையோட காதுக்காக" என்பாள். நான் ஒரு செத்த கடிகாரத்தை வாங்கி, "இதுவும் அம்மா காதுக்காகத்தான்" என்பேன். அரியாங்குப்பத்தில் இருக்கும் என் மச்சான் வீட்டுக்குப் போனால், வழியில் ஒரு இடம் விடாமல் இறங்கி இளநீர் குடிப்போம். மீன்பிடித் தடைக்காலத்தில், மீன் விலை ஏறிக் கிடந்த நேரத்தில், வஞ்சிரம் வாங்கி அதே விலையை டப்பாவிலும் போட்ட ஞாயிற்றுக்கிழமை ஒன்று உண்டு. அன்றைக்குக் குழம்பு அவ்வளவு ருசியாக இருந்தது. அந்த வருஷம் எங்கள் இரண்டு பேருக்குமே எடை கூடியது.

அம்மாவுக்கு நாங்கள் எதையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமென்றால் கத்த வேண்டும். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர். 'அம்மா, உனக்குக் காது கேக்கல, மிஷின் வாங்கறதுக்குச் சேக்கறோம்' என்று கத்தினால் பக்கத்து வீட்டுக்காரர் பதில் சொல்வார். எழுதிக் காட்டியிருக்கலாமே என்று கேட்கலாம். அம்மா எழுத்துக் கூட்டிப் படிப்பார். இரண்டு தடவை காகிதத்தை எடுத்தேன். 'உனக்குக் காது' வரைக்கும் எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. பணம் சேரட்டும், மிஷினைக் கையில் கொடுத்துக்கொண்டே சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டேன். நான் கோழை. கோபக்காரர்கள் பல பேர் அப்படித்தான் என்று என் மனைவி சொல்வாள்.

கடையிலிருந்து தினம் ஆறரைக்கு வருவேன். கை கால் கழுவிவிட்டு நேரே பீடத்துக்கு முன்னால் போய் நிற்பேன். அன்றைய டீ, பப்ஸ், மற்றதெல்லாம் கூட்டிப் பார்த்து நோட்டை எடுப்பேன். போட மனசு வராது. ஒவ்வொரு நாளும் அந்த ஒரு நிமிஷம் என் முகம் சுண்டிப்போகும். கட்டிலில் உட்கார்ந்து அம்மா பார்த்துக்கொண்டிருப்பார். அவர் ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

செப்டம்பர் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், டப்பாவைக் கீழே இறக்கினேன். கனமாக இருந்தது. முப்பத்தெட்டு வராது என்று தெரியும். முப்பது வந்தால் மிச்சத்தைத் தவணையில் கட்டலாம் என்று மிஷின் கடைப் பெண் சொல்லியிருந்தார். மூடியை நெம்பப் போனேன். அம்மா சமையலறையிலிருந்து வந்தவர் என் கையைப் பிடித்தார்.

"செலுத்தப் போறியா தம்பி? இரு இரு, தொறக்காத. சாமி காசை எண்ணக் கூடாது. செவ்வாக்கெழம நானும் வர்றேன், அந்தோணியார் நாள்ல போடலாம்."

"இது சாமி காசு இல்லம்மா" என்றேன்.

அம்மா என் கையிலிருந்த டப்பாவை வாங்கிப் பழைய இடத்தில் வைத்து, கும்பிட்டார்.

"சாமி காசு இல்ல!" என்று கத்தினேன். அம்மா திரும்பிப் பார்த்து, "ஆமா, செவ்வாக்கெழம" என்றார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரர், "என்னா சார், எதாவது பிரச்சினையா?" என்று கேட்டார்.

என் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. நேர்ச்சைக் காசை வீட்டில் புனிதர் காலடியில் சேர்த்து வைத்து, பிறகு கோயிலில் கொண்டு போய்ச் செலுத்துவது எங்கள் ஆட்களின் வழக்கம். அப்படி வைத்த காசை வீட்டுச் செலவுக்கு யாரும் எடுக்க மாட்டார்கள். கஞ்சிக்கு இல்லாத வீட்டில்கூட எடுக்க மாட்டார்கள். என் கை நீளாமல் இருக்க வேண்டும் என்றுதானே அங்கே வைத்தேன்? அதை நம்பித்தானே ஒரு வருஷம் ஓடியது? அந்த நம்பிக்கை எனக்கு மட்டும்தான் இருக்கும் என்று எப்படி நினைத்தேனோ தெரியவில்லை.

"ஃபாதர்கிட்ட சொல்லுங்க" என்றாள் என் மனைவி. "அத்தை யார் பேச்சையும் கேக்க மாட்டாங்க. சாமியார் சொன்னா கேப்பாங்க."

திங்கட்கிழமை போய்ப் பங்குச் சாமியாரைப் பார்த்தேன். சின்ன வயதுக்காரர், ரொம்ப நல்லவர். முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "அந்தோணியாரே உங்க அம்மாவுக்குக் குடுத்ததா வெச்சுக்கலாம். நானே சொல்லிடறேன், கவலைப்படாதீங்க" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவருக்கு மென்மையான குரல் என்பதை நான் கவனித்தேன். கவனித்தும் அதன் அர்த்தம் என் மண்டையில் ஏறவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டார். டப்பாவை முந்தானையால் மூடி மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் என் பின்னால் உட்கார்ந்தார். கோயிலில் நல்ல கூட்டம். நவநாள் ஜெபம் முடிந்து ஆராதனைக்காகச் சனம் முழங்காலில் காத்திருந்தது. சாமியார் எங்களைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

அவர் அம்மாவிடம் குனிந்து பேசினார். கோயிலுக்குள் எப்படிப் பேச வேண்டுமோ அப்படிப் பேசினார். எனக்கே பாதிதான் கேட்டது. "இதை அந்தோணியாரே உங்களுக்குத் தர்றாரும்மா, எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லி, நம்பிக்கை வரட்டும் என்று டப்பாவின் மேல் கையை வைத்தார்.

அம்மா முகம் மலர்ந்தது. டப்பா மேல் இருந்த சாமியார் கையைத் தொட்டு உதட்டில் ஒற்றி முத்தி செய்தார். சிலுவை போட்டுக்கொண்டார். சாமியார் ஆசீர்வதித்துக் கொடுத்துவிட்டார், வேறென்ன வேண்டும்? விறுவிறுவென்று அந்தோணியார் பீடத்தை நோக்கி நடந்தார். அங்கே தரையோடு பொருத்திய இரும்பு உண்டியல் இருக்கிறது. அதற்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி சாமியாரிடம், இன்னொன்று பங்குப் பேரவை ஆளிடம். சாமியார் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அதற்குள் பீடத்திலிருந்து மணி அடித்து அவரைக் கூப்பிட்டார்கள். அவர் கையை விரித்துவிட்டுப் போனார்.

நான் ஓடினேன். கோயிலில் எவ்வளவு ஓடலாமோ அவ்வளவு. "அம்மா. அம்மா, வேணாம்" என்று காதருகே சொன்னேன். அம்மா உண்டியலுக்கு முன்னால் நின்று மூடியை நெம்பிக்கொண்டிருந்தார். நான் கத்தினால் போதும். ஒரே ஒரு தடவை, அடித்தொண்டையிலிருந்து கத்தினால் அவர் கை நின்றிருக்கும். நற்கருணையைப் பீடத்தில் வைத்துவிட்டார்கள், இனி யாரும் வாய் திறக்கக் கூடாது. இருநூறு பேர் முழங்காலில் இருந்தார்கள். ஒரு குழந்தைகூட அழவில்லை.

"புடி தம்பி" என்று டப்பாவை என்னிடம் கொடுத்தார் அம்மா. அவருக்கு மெல்லப் பேசுகிறோம் என்று நினைப்பு. அந்தக் குரல் கோயில் முழுக்கக் கேட்டது. இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் பிடித்துக்கொண்டேன்.

அம்மா ஒவ்வொரு நோட்டாக எடுத்து, உண்டியலின் வாயில் வைத்து, விரலால் தள்ளினார். என் டீயெல்லாம் போனது. என் மனைவியின் பூ போனது. ஐஸ்கிரீம், பஜ்ஜி, வஞ்சிரம் எல்லாம் போனது. ஒரு நோட்டு பாதியில் சிக்கியபோது, "கொஞ்சம் அமுக்கு" என்றார். அமுக்கினேன். வேறு என்ன செய்ய முடியும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் கவனித்தேன். எங்கள் நோட்டுகள் இரண்டாக மடித்துப் போட்டவை. அவற்றுக்கு நடுவே நாலாக மடித்த நோட்டுகள் இருந்தன. விரல் நகத்தால் ஓரத்தை அழுத்தி, தீப்பெட்டி அளவுக்கு மடித்த நூறு ரூபாய் நோட்டுகள். ஒன்றிரண்டு இல்லை, டப்பா நெடுக இருந்தன. அப்படி மடிப்பது உலகத்தில் என் அம்மா ஒருத்தர்தான். முதியோர் பென்ஷன் வாங்கி வரும் அன்றே அதை அப்படி மடித்து இடுப்பில் செருகிக்கொள்வார்.

கடைசியில் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். சில்லறையையும் போட்டார். வெளியே வாசலில் அந்தோணியார் ரொட்டி கொடுத்துக்கொண்டிருந்தார்கள், ஆளுக்கொரு பன். அம்மா வாங்கி வந்து பாதியைப் பிய்த்து என்னிடம் நீட்டினார். காலி டப்பாவை இடுக்கிக்கொண்டு நான் நின்றேன்.

"நீ ஏம்மா போட்ட?" என்று ஸ்கூட்டர் பக்கத்தில் வைத்துக் கேட்டேன். நாலாக மடிப்பது போல் விரலால் செய்து காட்டினேன். புரிந்துகொண்டார்.

"வருசம் பூரா பாக்கறன் இல்ல? தெனம் வேலய விட்டு வந்ததும் அந்தோணியார்கிட்ட போயி நிக்கற. மூஞ்சி அப்படிச் சுண்டிக் கெடக்குது. கடன் கிடன் வாங்கிட்டியோ, ஒடம்புல என்னா வச்சுக்கினு சொல்லாம இருக்கியோ. கேட்டா சொல்லவா போற? அதான் நானும் போட்டன். எம்புள்ள கஷ்டம் தீரட்டும், டப்பா நெறைஞ்சதும் அவருக்கே தந்துடறேன்னு நேந்துக்கிட்டேன்." பன்னைக் கடித்துக்கொண்டே என் கன்னத்தைத் தடவினார். "இப்ப தீந்துடுச்சில்ல?"

கோயில் வாசல், ஆட்டோ ஸ்டாண்டு, பூக்கடை எதையும் பார்க்கவில்லை.

"உன் காதுக்கும்மா!" என்று கத்தினேன். "உன் காதுக்குத்தான் சேத்தோம்! மிஷின் வாங்க! உனக்குக் காது கேக்கலம்மா!"

ஆட்டோக்காரர்கள் திரும்பினார்கள். பூக்காரப் பெண் கட்டுவதை நிறுத்தினாள். அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. ஒரு வருஷமாக நான் சொல்லாத வார்த்தை ஒன்றுகூடப் பிசகாமல் கேட்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை. யார் யார் கேட்டார்கள் என்றுதான் சுற்றிலும் பார்த்தார். பிறகு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"என் காதுக்கென்னா?" என்றார். அந்த ஒரு தடவை மட்டும் அவர் குரல் நிஜமாகவே மெல்ல வந்தது. "நல்லாத்தான் கேக்குது."

வழி முழுக்க அம்மா என் தோளைப் பிடிக்கவில்லை. ஸ்கூட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார். வீட்டில் என் மனைவி காலி டப்பாவைப் பார்த்தாள். அவளும் அழவில்லை, நானும் அழவில்லை. "சரி, சாப்பிடுங்க" என்றாள். அம்மா நேர்ந்துகொண்ட காசைச் சாமியாரிடம் திரும்பக் கேட்க எங்கள் இரண்டு பேருக்குமே மனசு வரவில்லை. ஒரு வாரம் அந்தோணியாரை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம். குழந்தை இயேசுவைக் கையில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்?

அக்டோபர் வந்தது. முதல் பத்து நாள் மாதா வேறு வேறு வீடுகளுக்குப் போனாள். அம்மா போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைத்துவிட்டு வந்தார். பதினோராம் நாள் எங்கள் வீட்டு முறை. மாதா வரும் வீட்டுக்காரர்களே அன்றைக்கு முன்பாதி சொல்வது என்று அந்த வருஷத்திலிருந்து தெருவில் மாற்றியிருந்தார்கள். நான் சொல்வதாக இருந்தது. கூடத்தில் விளக்குகள் ஏற்றி, எல்லோரும் நெருக்கியடித்து முழங்காலில் இருந்தோம். நான் தொண்டையைச் செருமினேன்.

அதற்கு முன் அம்மா ஆரம்பித்துவிட்டார். ஆணியில் மாட்டிய ஜெபமாலை எப்போது அவர் கைக்கு வந்தது என்று தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார். குரல் தெருக்கோடிக்குக் கேட்டது.

முதல் மரியேக்கு நாங்கள் பின்பாதியில் நடுவே இருக்கும்போதே அடுத்ததைத் தொடங்கிவிட்டார். பிள்ளைகள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். நான் அவர் கையைத் தொடப் போனேன். முனை வீட்டு அம்மாள் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார். இரண்டாவது மரியேக்கு அந்த அம்மாள் பின்பாதியை வேகமாகச் சொன்னார். மூன்றாவதுக்கு மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். அம்மா அடுத்ததை ஆரம்பிப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று தெருவே வார்த்தைகளை விழுங்கியது. சில தடவை முடிக்க முடிந்தது. பல தடவை முடியவில்லை. ஆமென் சொல்ல நேரமே இல்லை. நானும் மூச்சு வாங்க, பாதி பாதி மரியேயாக ஓடினேன். இப்படி ஐம்பத்து மூன்று தடவை.

முடிந்ததும் அம்மா கண்ணைத் திறந்தார். சுண்டலும் வாழைப்பழமும் எல்லோருக்கும் கொடுத்தார். சனம் கலைந்து போனதும் என்னிடம் வந்தார். அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவராக வந்து பேசியது அதுதான் முதல் தடவை.

"பாத்தியா?" என்றார். "ஒண்ணு வுடாம எல்லாம் கேட்டுச்சு."

நான் தலையாட்டினேன்.

டப்பாவைக் கழுவிக் காய வைத்திருக்கிறோம். இந்தத் தடவை அது ஃபிரிட்ஜுக்கு மேலே, கரன்ட் பில்களோடு இருக்கிறது. தினம் ஆறரைக்கு வந்து அன்றைய டீக்கும் பப்ஸுக்கும் ஆன காசைப் போடுகிறேன். போடும்போது முகத்தைச் சிரித்தாற்போல் வைத்துக்கொள்கிறேன், அம்மா கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.